சோவியத் போர்க்காலப் பதக்கங்கள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1941 முதல் 1945 வரை நாஜி ஜெர்மனியோடு நடந்த போரில் செஞ்சேனை வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களைச் சேகரிப்பவர்கள் நம்மிடையே கொஞ்சப் பேர்தான். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலைப்பட்டியல் எதிர்பார்க்க வேண்டாம். போரில் அந்தப் பதக்கத்தைப் பெற்ற வீரர் யார், எதற்காகப் பெற்றார் என்று தேடுவதில்தான் என் ஆர்வம் முழுக்க இருக்கிறது. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆர்டருக்கும் பதக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

சோவியத் முறையில் ஆர்டர் மேல், பதக்கம் கீழ். லெனின் ஆர்டர், செங்கொடி ஆர்டர், செந்நட்சத்திர ஆர்டர், தேசபக்தப் போர் ஆர்டர், புகழ் ஆர்டர் ஆகியவை ஆர்டர்கள். "வீரத்துக்காக", "போர்ச் சேவைக்காக", "ஸ்டாலின்கிராட் பாதுகாப்புக்காக", "ஜெர்மனி மீதான வெற்றிக்காக" போன்றவை பதக்கங்கள். போர்க்கால ஆர்டர்கள் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தனித்தனி எண் இருக்கும். பதக்கங்களில் "வீரத்துக்காக", "போர்ச் சேவைக்காக" இரண்டுக்கும் ஆரம்ப காலத்தில் எண் பொறித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நகரப் பாதுகாப்பு, நகரக் கைப்பற்றல், வெற்றிப் பதக்கங்களுக்கு எண்ணே கிடையாது. ஆளைத் தேடிப் போகிறவருக்கு இந்த எண்தான் முதல் பிடி.

எதில் ஆரம்பிக்கலாம்?

"ஜெர்மனி மீதான வெற்றிக்காக" பதக்கத்தில் ஆரம்பியுங்கள் என்று பலர் சொல்வார்கள். 1945 மே 9 அன்று நிறுவிய பித்தளைப் பதக்கம் அது. இடப்பக்கம் பார்க்கும் ஸ்டாலின் முகம், சுற்றிலும் "நமது நோக்கம் நியாயமானது, நாம் வென்றோம்" என்ற வாசகம். ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கொடுத்ததால் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் எண் இல்லை. கூடவே கொடுத்த சிறிய சான்றிதழ் அட்டை இல்லாமல் வாங்கினால் அது யாருடையது என்று ஒருக்காலும் தெரியாது. அதனால் என் ஆலோசனை வேறு: எந்தப் பதக்கமாக இருந்தாலும் சரி, பெயரோடு கூடிய காகிதம் சேர்ந்து வரும் ஒன்றை முதலில் வாங்குங்கள். சான்றிதழில் பெயர், தந்தை பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். அந்த ஒரு பெயரை வைத்துத் தேடும்போதே இந்தத் துறையில் பாதியைக் கற்றுக்கொள்வீர்கள்.

எண்ணை மட்டும் இணையத்தில் போட்டால் பெயர் வந்துவிடுமா?

வராது. புதிதாக வருகிறவர்கள் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் "போத்விக் நரோதா" (மக்களின் வீரச்செயல்) என்ற இணையதளம் 2010 முதல் இருக்கிறது. 2015இல் "பாம்யத் நரோதா" (மக்களின் நினைவு) வந்தது. இரண்டிலும் பெயரை வைத்துத்தான் தேட முடியும். பதக்க எண்ணை வைத்துத் தேட வழியில்லை. காரணம், அங்கே ஏற்றியிருப்பது பெரும்பாலும் போர்க்களத்தில் தயாரித்த பரிந்துரைத் தாள்களும் உத்தரவுகளும். அவற்றை எழுதிய நேரத்தில் எந்த எண்ணுள்ள ஆர்டர் யார் கைக்குப் போகும் என்று யாருக்குமே தெரியாது.

எண்ணையும் பெயரையும் இணைக்கும் காகிதம் பதிவு அட்டை. ஆர்டரைக் கையில் கொடுத்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை நிரப்பினார்கள். பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பதவி, படைப்பிரிவு, கட்சி உறுப்பினரா இல்லையா என்ற விவரம், அவர் பெற்ற எல்லா ஆர்டர்களும் அவற்றின் எண்களும் அதில் இருக்கும். மாஸ்கோ அருகே பொதோல்ஸ்க் நகரில் இருக்கும் பாதுகாப்பு அமைச்சக மத்திய ஆவணக் காப்பகத்தில்தான் இவை பெரும்பாலும் இருக்கின்றன. அங்கே போய்த் தேடித் தரும் ஆய்வாளர்கள் மூலமாகத்தான் சேகரிப்பாளர்கள் காலங்காலமாக அட்டை நகல் பெற்றுவந்தார்கள். காப்பகம் இதை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். முதல் உரிமை உறவினர்களுக்குத்தான், அது நியாயமும்கூட. எண் பொறித்த பழைய "வீரத்துக்காக" பதக்கங்களுக்கு அட்டை கிடைப்பது ஆர்டர்களுக்குக் கிடைப்பதைவிட அரிது.

சுருக்கமாக வழி இதுதான்: எண்ணிலிருந்து அட்டை, அட்டையிலிருந்து பெயர், பெயரிலிருந்து பரிந்துரைத் தாள். பெயர் முன்பே தெரிந்தால் முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிடலாம்.

பரிந்துரைத் தாளில் அப்படி என்ன இருக்கிறது?

நான் இதில் விழுந்ததற்குக் காரணமே இந்தத் தாள்தான். "நக்ரத்னோய் லீஸ்த்" என்பார்கள். அச்சடித்த படிவமாக இருக்கலாம், இல்லையென்றால் கையில் கிடைத்த காகிதத்தில் கோடு போட்டு எழுதியதாகவும் இருக்கலாம். மேலே பெயர், பதவி, பணி, படைப்பிரிவு, எந்த விருதுக்குப் பரிந்துரை என்ற விவரம். அதன் கீழே வரிசையாகக் கேள்விகள்: பிறந்த ஆண்டு, தேசிய இனம், எப்போதிலிருந்து செஞ்சேனையில் இருக்கிறார், எந்தெந்தப் போர்முனையில் இருந்தார், காயம் பட்டிருக்கிறாரா, முன்பு என்ன விருது பெற்றார், எந்த ஊர் ராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகம் இவரை எடுத்தது, குடும்பம் எங்கே இருக்கிறது. பல தாள்களில் மனைவியின் அல்லது தாயின் பெயரும் கிராமமும் இருக்கும்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி: "தனிப்பட்ட போர்ச் செயலின் சுருக்கமான, திட்டவட்டமான விவரம்". தேதி, கிராமத்தின் பெயர், எத்தனை எதிரிகள், எத்தனை முறை அறுந்த தொலைபேசிக் கம்பியை மோர்ட்டார் குண்டுக்கு நடுவே இணைத்தார் என்றெல்லாம் வரும். மொழி அலுவலக நடைதான். சில வாக்கியங்கள் எல்லாத் தாளிலும் அப்படியே வரும். ஆனால் இடையில் எங்காவது ஒரு வரி, வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு விவரம், கண்ணில் படும். அதற்காகத்தான் படிக்கிறோம்.

தாளின் பின்பக்கத்தை விடாதீர்கள். மேலதிகாரிகளின் முடிவுகள் அங்கே இருக்கும். படைப்பிரிவுத் தளபதி செங்கொடி ஆர்டர் கேட்டிருப்பார். மேலே போகப் போக யாரோ அதைக் குறைத்துச் செந்நட்சத்திரம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். இந்த மாதிரிக் குறைப்புகள் ஏராளம். உங்கள் கையில் இருக்கும் ஆர்டரைவிடப் பெரிய ஒன்றுக்கு அவர் பெயர் போயிருந்தது என்று அப்போதுதான் தெரியவரும்.

"வீரத்துக்காக" பதக்கத்துக்குப் பெரும்பாலும் தனித்தாள் இருக்காது. 1942 நவம்பரில் ரெஜிமென்ட் தளபதிகளுக்கே அந்தப் பதக்கத்தை வழங்கும் அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் ரெஜிமென்ட் உத்தரவிலேயே ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று வரி எழுதியிருக்கும். ஒரே உத்தரவில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். உங்கள் ஆளின் வரிகளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல் மற்றவர்களுடையதையும் படியுங்கள். அதே நாள், அதே கிராமம், அதே சண்டை. அவர் எதற்குள் நின்றிருந்தார் என்பது அக்கம்பக்கத்து வரிகளில்தான் தெரியும்.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. தேட முடியுமா?

முடியும். சிரிலிக் எழுத்துகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், சில நாட்கள் உட்கார்ந்தால் போதும். ரஷ்யப் பெயர் மூன்று பகுதி: குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயரிலிருந்து வரும் நடுப்பெயர். மூன்றும் தெரிந்தால்கூட இவானோவ், பெத்ரோவ் மாதிரிப் பெயர்களுக்கு ஆயிரக்கணக்கில் வரும். பிறந்த ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள். அதுவும் ஆவணத்துக்கு ஆவணம் ஓரிரு ஆண்டு முன்பின் மாறும்.

மத்திய ஆசியாவிலிருந்தும் காக்கசஸ் பகுதியிலிருந்தும் வந்த வீரர்களின் பெயர்களை ரஷ்ய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். உஸ்பெக், கசாக், ஜார்ஜியப் பெயர்களை நான்கைந்து எழுத்துவடிவங்களில் தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். படைப்பிரிவின் பெயருக்குப் பதிலாகக் களத் தபால் எண் மட்டும் இருந்தால், அந்த எண்களுக்கான பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பார்த்தால் எந்த ரெஜிமென்ட் என்று தெரியும். தெரிந்ததும் "பாம்யத் நரோதா" தளத்தில் அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பைத் திறந்து, குறிப்பிட்ட தேதியில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கையெழுத்து ரஷ்யம் படிக்கக் கஷ்டம், பழகினால் வரும். இந்தத் தளங்கள் ரஷ்யாவுக்கு வெளியிலிருந்து சில சமயம் திறக்காது. கிடைக்கும்போது படங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போரில் பிழைத்தாரா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

இரண்டு திசையிலிருந்து பார்க்கலாம். "மெமோரியல்" என்ற தரவுத்தளத்தில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறைபிடிக்கப்பட்டவர்களின் பதிவுகள் இருக்கின்றன. பெயரும் ஊரும் அங்கே பொருந்தினால் பதில் பெரும்பாலும் துயரமானது.

மறுபக்கம் 1985. வெற்றியின் 40ஆம் ஆண்டுக்காக அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு உத்தரவு போட்டு, அப்போது உயிரோடு இருந்த முன்னாள் வீரர்களுக்குத் தேசபக்தப் போர் ஆர்டரை மொத்தமாக வழங்கினார்கள். அதற்கான அட்டைகள் "போத்விக் நரோதா" தளத்தில் இருக்கின்றன. உங்கள் ஆளின் பெயரில் 1985 அட்டை இருந்தால், போர் முடிந்து 40 ஆண்டுக்குப் பிறகும் அவர் இருந்தார் என்று அர்த்தம். அந்தச் சிறு அட்டை கண்ணில் படும்போது வரும் நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

1985இன் தேசபக்தப் போர் ஆர்டரும் போர்க்கால ஆர்டரும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான். போர்க்கால முதல் வகுப்பில் தங்கப் பகுதிகள் உண்டு, 1985இல் செய்தது தங்கமுலாம் பூசிய வெள்ளி. இந்த ஆர்டர் 1942 மே 20 அன்று நிறுவப்பட்டது. வகுப்புகளாகப் பிரித்த முதல் சோவியத் ஆர்டர் இதுதான். எதற்குக் கொடுக்கலாம் என்பதை விதிகளே எண்ணிக்கையோடு சொன்னன: இத்தனை டாங்கியை அழித்தால், இத்தனை விமானத்தை வீழ்த்தினால் என்று. கார்க்கோவ் பகுதிச் சண்டையில் டாங்கிகளை எதிர்த்து நின்ற பீரங்கிப் படையினருக்குத்தான் முதலில் கிடைத்தது. அவர்களில் கேப்டன் இவான் கிரிக்லிய் பெயரை எல்லோரும் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம். ஆர்டர் பெற்றவர் இறந்தால் அதை அரசிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தேசபக்தப் போர் ஆர்டர் மட்டும் விதிவிலக்கு, குடும்பம் நினைவாக வைத்துக்கொள்ளலாம். 1977இல்தான் மற்றவற்றுக்கும் அந்தச் சலுகை வந்தது. அதனால் போரில் மாண்டவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த ஆர்டர் பெரும்பாலும் இதுதான். போர்க்காலத் துண்டு ஒன்று கையில் வந்தால், அதை அணிய அவர் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

செந்நட்சத்திர ஆர்டர் என்றால் போரில் சம்பாதித்ததுதானே?

கட்டாயம் இல்லை. 1944 ஜூனில் வந்த ஓர் உத்தரவு நீண்ட காலப் பணிக்கும் இதே ஆர்டர்களைக் கொடுக்கச் சொன்னது. 10 ஆண்டு பணிக்கு "போர்ச் சேவைக்காக" பதக்கம், 15 ஆண்டுக்குச் செந்நட்சத்திரம், 20 ஆண்டுக்குச் செங்கொடி, 25 ஆண்டுக்கு லெனின் ஆர்டர். 1957 வரை இது நடந்தது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. எண்ணும் அட்டையும்தான் சொல்லும்.

போர்க்காலத்தில் 28 லட்சத்துக்கும் அதிகமான செந்நட்சத்திரங்கள் வழங்கப்பட்டன. அதனால் இதைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் எடுத்துப் பாருங்கள்: சுமார் 33 கிராம் எடை, மாணிக்கச் சிவப்பு எனாமல், நடுவில் நீள அங்கியோடு துப்பாக்கி பிடித்து நிற்கும் ஒரு சாதாரணச் சிப்பாய். தளபதி உருவம் கிடையாது, தலைவர் முகம் கிடையாது. பின்பக்கத்தில் திருகு, நாணயச்சாலை முத்திரை, கையால் பொறித்த எண். திருகைச் சீருடையில் துளையிட்டு வலப்பக்க மார்பில் மாட்டுவார்கள். பதக்கங்கள் இடப்பக்கம். உள்ளே இருக்கும் வட்டத் திருகுமூடியில் தேய்மானம் இருந்தால், பெட்டியில் வைக்காமல் அணிந்து திரிந்திருக்கிறார்கள் என்று புரியும்.

"வீரத்துக்காக", "போர்ச் சேவைக்காக" இரண்டில் எது உயர்ந்தது?

இரண்டும் 1938 அக்டோபர் 17 அன்று ஒன்றாகப் பிறந்தவை. "வீரத்துக்காக" உயர்ந்தது, அளவிலும் பெரியது: 37 மில்லிமீட்டர் வெள்ளி, மேலே மூன்று விமானம், கீழே ஒரு டாங்கி, நடுவில் சிவப்பு எழுத்து. மற்றது 32 மில்லிமீட்டர். முன்னதற்கு மாதம் 10 ரூபிள், பின்னதற்கு 5 ரூபிள் உதவித்தொகையும் இருந்தது, 1948 தொடக்கத்தில் அது நின்றுபோனது.

போரில் "வீரத்துக்காக" 40 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். இருந்தும் அதன் மதிப்பு குறையவில்லை. தலைமையகத்தில் உட்கார்ந்து வாங்கிவிட முடியாத பதக்கம் என்பது முன்னாள் வீரர்கள் எல்லோருக்கும் தெரியும். செம்யோன் கிரெத்சோவ் என்ற மருத்துவப் பணியாளர் இதை ஆறு முறை பெற்றார். அவர் ஒருவர்தான் அப்படி.

மருத்துவப் பணியாளர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. 1941 ஆகஸ்ட் 23 உத்தரவு, எண் 281: போர்க்களத்திலிருந்து 15 காயம்பட்டவர்களை அவரவர் துப்பாக்கியோடு சேர்த்துத் தூக்கி வந்தால் பதக்கம், 25 பேர் என்றால் செந்நட்சத்திரம், 40 என்றால் செங்கொடி, 80 என்றால் லெனின் ஆர்டர். ஆயுதத்தோடு என்பதைக் கவனியுங்கள். குண்டு பாயும் வெளியில் ஓர் ஆளை இழுத்து வருவதே பெரும்பாடு, அதோடு அவன் துப்பாக்கியையும். பள்ளி முடித்த கையோடு வந்த பெண்கள் பலர் இதைச் செய்தார்கள். பரிந்துரைத் தாளில் "27 பேரை ஆயுதங்களுடன்" என்று வெறும் எண்ணாக ஒரு வரி வந்தால், அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

1941, 1942 ஆண்டு விருதுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

குறைவாகக் கொடுத்ததால். பின்வாங்கிக்கொண்டிருக்கும் படையில் பரிந்துரை எழுத நேரமும் இல்லை, எழுதியவர் மறுவாரம் உயிரோடு இருப்பார் என்ற உத்தரவாதமும் இல்லை. விருது வழங்கும் அதிகாரமும் மேலே இருந்தது. 1942 நவம்பருக்குப் பிறகு அதிகாரம் கீழே இறங்கியது, 1943 முதல் வெற்றிகளும் வந்தன, விருதுகளும் பெருகின. 1941 கோடையில் கொடுத்த ஒரு "போர்ச் சேவைக்காக" பதக்கத்தை 1945இன் செந்நட்சத்திரத்துக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வராது.

உருவத்திலும் காலம் தெரியும். 1943 ஜூன் 19 உத்தரவுக்கு முன் பதக்கங்கள் சிறிய செவ்வகச் சிவப்புப் பட்டையில் தொங்கின. பிறகுதான் இப்போது பார்க்கும் ஐங்கோணப் பட்டை வந்தது.

புகழ் ஆர்டர் பற்றிச் சொல்லுங்கள்.

1943 நவம்பர் 8 அன்று நிறுவியது. சிப்பாய்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் மட்டும், விமானப்படையில் ஜூனியர் லெப்டினன்ட் வரை. மூன்று வகுப்பு, மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு ஏற வேண்டும். மூன்றாம் வகுப்பு ஏறத்தாழ 10 லட்சம், இரண்டாம் வகுப்பு 46 ஆயிரத்துச் சொச்சம், முதல் வகுப்பு 2,600 சொச்சம்தான். மூன்றையும் பெற்ற பெண்கள் நால்வர். அவர்களில் நீனா பெத்ரோவா 1893இல் பிறந்தவர், குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி வீரர். 1945 மே 1 அன்று, வெற்றிக்கு ஒரு வாரம் இருக்கையில் இறந்தார். முதல் வகுப்பு அவருக்கு இறந்த பிறகே வந்தது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வார்ப்புப் போலிகளின் பரப்பு பொரிபொரியாக இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், அளவு அசலைவிடச் சற்றுச் சிறிதாக வரும். அசல் அச்சில் அடித்தது, ஓரம் கூர்மையாக இருக்கும். துல்லியத் தராசும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

இதைவிட மோசமானது அசலில் செய்யும் திருட்டு வேலை. எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் பொறிப்பார்கள், அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். புகழ் ஆர்டர் மூன்றாம் வகுப்பின் நடுப்பகுதிக்கு முலாம் பூசி இரண்டாம் வகுப்பாக விற்பார்கள். இரண்டாம் வகுப்பு மொத்தமே 46 ஆயிரம் சொச்சம் என்று மேலே சொன்னேன். எண் லட்சங்களில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்ணோடு "Д" என்ற எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம், தொலைந்ததற்குப் பதிலாக அரசே கொடுத்த நகல் அது.

ரஷ்யாவிலிருந்து நேராக வாங்கலாமா?

கூடாது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு சோவியத் அரசு விருதுகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்குகிறது. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதும் தடை. வாரிசு வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. 1990களில் சோவியத் ஒன்றியம் உடைந்து பணத்தின் மதிப்பு சரிந்தபோது ஏராளமானவை வெளியே போயின. மேற்கு நாடுகளின் ஏலக்கூடங்களில் இன்று சுற்றுவதில் பெரும்பங்கு அப்போது வெளியேறியவை. வாங்கும்போது அது எப்போது, யார் வழியாக வெளியே வந்தது என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் இதைச் சேகரிப்பது சரிதானா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவரிடம் நான் பதக்கம் பற்றிப் பேசுவதில்லை. 1983 ஜூலையில் மாஸ்கோவில் துணை அட்மிரல் கியோர்கி ஹலஸ்த்யாகோவையும் அவர் மனைவியையும் வீட்டிலேயே கொன்றுவிட்டு அவருடைய பதக்கங்களைத் திருடிக்கொண்டு போனார்கள். அவர் "சோவியத் ஒன்றிய வீரர்" என்ற மிக உயரிய பட்டம் பெற்றவர். கொலைகாரர்கள் பத்திரிகைத் துறை மாணவர்கள் என்று சொல்லி உள்ளே நுழைந்தவர்கள். முன்னாள் வீரர்களின் வீடுகளில் அப்படியே பல இடங்களில் திருடியவர்கள். வாங்க ஆள் இருந்ததால்தான் திருடினார்கள். இதை மறந்துவிட்டுச் சேகரிக்க முடியாது.

நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான்: மூலம் தெரியாததை வாங்குவதில்லை, ஒருவருடைய தொகுப்பைப் பிரிப்பதில்லை, தேடிக் கண்டதை மறைத்து வைப்பதில்லை. ஆர்டர் புத்தகம் (ஒருவர் பெற்ற விருதுகளைக் குறித்த சிறு ஏடு), நான்கு பதக்கம், ஒரு புகைப்படம் என்று சேர்ந்து வந்ததைத் தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம். வியாபாரிகள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பிரித்த மறுநிமிடம் எண்ணில்லாத பதக்கங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடுகிறார். திரும்பச் சேர்க்க வழியே இல்லை.

மெருகேற்றலாமா?

வேண்டாம். வெள்ளியின் கருமை அதன் வயது. தேய்த்தால் எண்ணின் ஓரமும் தேயும். எனாமல் உடைந்திருந்தால் அப்படியே விடுங்கள். திருகை இறுக்காதீர்கள். பிவிசி உறை வேண்டாம், அமிலமில்லாத காகிதம் நல்லது. நம் ஊர்க் கடற்கரை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம். பட்டு நாடாவில் வெயில் படக் கூடாது.

இந்தியர் யாராவது இவற்றைப் பெற்றிருக்கிறார்களா?

ஆம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த இருவர் செந்நட்சத்திர ஆர்டர் பெற்றார்கள். ஒருவர் இன்றைய உத்தராகண்டின் பித்தோராகரைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங், மற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண் ராவ் நிக்கம். ஈரான் வழியாகச் சோவியத் படைகளுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்த வழியில் செய்த பணிக்காகத்தான் இந்த விருது.

வீரரின் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என்ன செய்வது?

முதலில் பரிந்துரைத் தாளின் படத்தை அனுப்புங்கள், பதக்கத்தின் படத்தை அல்ல. பல குடும்பங்கள் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. தாத்தா போரைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று சொல்லும் பேரப்பிள்ளைகள் அதிகம். நேரடி முகவரி கிடைக்காவிட்டால் அவர் பிறந்த மாவட்டத்து அருங்காட்சியகத்துக்கோ பள்ளி அருங்காட்சியகத்துக்கோ எழுதலாம், ரஷ்யாவில் ஏராளமான பள்ளிகளில் அது உண்டு. மாண்டவர்களின் உடல்களைத் தேடி அடக்கம் செய்யும் தன்னார்வக் குழுக்களும் உறவினர்களைத் தேடுவதில் கைதேர்ந்தவை.

ரஷ்ய மொழியில் எழுதுங்கள், சுருக்கமாக, மரியாதையாக, அவர்களுடைய பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்து விளித்து. பதக்கம் உங்களிடம் எப்படி வந்தது என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விலைப் பேச்சே வேண்டாம். அவர்கள் திருப்பிக் கேட்டால், தபாலில் போடுவதற்கு முன் சுங்க விதிகளை இருபக்கமும் விசாரியுங்கள். தெரியாமல் அனுப்பினால் வழியில் பறிமுதல் ஆகி இருவருக்கும் இல்லாமல் போகக்கூடும். கோபமாகப் பதில் வந்தாலும் தாளின் நகலைத் தந்துவிட்டு வாருங்கள், அது அவர்களுடையது.